பிடித்த செல்ஃப் விடாதபோது: பெண்டிக்ஸும் சொலினாய்டும் கழற்றிப் பார்த்த பதிவு

வண்டி: மூன்று சிலிண்டர், 796 சிசி பெட்ரோல் கார். என்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் 12 வோல்ட், ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான சக்தி, காந்தக்கல்லுக்குப் பதில் ஃபீல்டு காயில் உள்ளது, சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச் மோட்டாரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் வகை.

புகார் இரண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நேரம் என்ஜின் சுற்றுவதில்லை, மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று வெறுமனே ஓடுகிறது. அடுத்தது, என்ஜின் பிடித்துச் சாவியை விட்ட பிறகும் இரண்டு மூன்று விநாடி ‘கிர்ர்’ சத்தம் நீடித்து, அப்புறம் ‘டக்’கென்று அடங்குகிறது.

இரண்டுக்கும் சேர்த்து “பெண்டிக்ஸ் போயிடுச்சு, மாத்திடலாம்” என்பதுதான் பட்டறைகளில் வழக்கமான தீர்ப்பு. பெண்டிக்ஸ் என்பது மோட்டார் ஷாஃப்டில் முன்னும் பின்னும் நகர்ந்து என்ஜினைப் பிடித்துச் சுற்றும் பல்சக்கர உருப்படி. முதல் புகாருக்கு அது பொருந்தும். இரண்டாவதற்குப் பெண்டிக்ஸை மாற்றினால் காசுதான் போகும்; சத்தம் போகாது. காரணம், இந்த வகை மோட்டார் என்ஜினை விடுவது ஒரே வேலை இல்லை, இரண்டு தனி வேலைகள். ஒன்றைச் செய்வது பெண்டிக்ஸுக்குள் இருக்கும் உருளைகள், மற்றதைச் செய்வது சொலினாய்டு.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரில் வந்த பழைய அமைப்பில், மோட்டார் முனையின் சிறு பல்சக்கரமான பினியனைச் சொலினாய்டு தள்ளாது. மோட்டார் சடாரென்று சுழலும். கனமான பினியன் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கி, மரை வழியாக நகர்ந்து, என்ஜினின் ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையமான ரிங் கியரில் போய் விழும். என்ஜின் பிடித்ததும் ரிங் கியர் பினியனை வேகமாகச் சுற்ற, அதே மரையில் பினியன் பின்னால் எறியப்படும். பழைய அம்பாசிடர் என்ஜின்களில் இருந்தது அந்த வகை. அதில் பினியன் தானாகவே வெளியே வந்துவிடும் என்பது உண்மை. இப்போதைய கார்களில் அது உண்மை இல்லை. சாவியை விடும்வரை பினியன் ரிங் கியருக்குள்ளேயேதான் இருக்கும். ஆனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு, ஒருவழிக் கிளட்சும் பினியனும் சேர்ந்த இந்த உருப்படியை எல்லோரும் பெண்டிக்ஸ் என்றே சொல்கிறோம். கடையிலும் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்.

பிடிப்பது எப்படி

சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால், 50 என்று குறித்த மெல்லிய ஒயரில் மின்சாரம் சொலினாய்டுக்கு வருகிறது. உள்ளே ஒரே உருளையின் மேல் இரண்டு காயில்கள். தடித்த கம்பியில் சுற்றியது இழுக்கும் காயில். மெல்லிய கம்பியில் சுற்றியது தாங்கும் காயில். தாங்கும் காயிலின் மறுமுனை சொலினாய்டின் உடம்பிலேயே எர்த் ஆகிறது. இழுக்கும் காயிலின் மறுமுனை உடம்பைத் தொடாது. எம் டெர்மினல் வழியாக மோட்டாருக்குள் போய், ஃபீல்டு காயில், பிரஷ் என்ற கரித்துண்டு, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் எர்த்துக்குப் போகும். மொத்த வித்தையும் இந்த ஒரு இணைப்பில் இருக்கிறது.

இரண்டு காயிலும் சேர்ந்து பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டைப் பின்னுக்கு இழுக்கின்றன. பிளஞ்சரின் முனையில் மாட்டியிருக்கும் லீவர் நடுவில் அச்சு கொண்டது. ஆகவே அதன் கீழ்முனை பெண்டிக்ஸை முன்னுக்குத் தள்ளுகிறது. ஷாஃப்டில் பற்கள் நேராக இல்லாமல் சாய்ந்த மரைபோல் ஓடுவதால் பினியன் நகரும்போதே கொஞ்சம் திரும்பவும் செய்யும். அதே நேரம் இழுக்கும் காயில் வழியாக வரும் சொற்ப மின்சாரத்தில் மோட்டாரும் மெதுவாக அசைகிறது. பல்லோடு பல் முட்டாமல் இடைவெளியைத் தேடி நுழைய இரண்டும் உதவி. அப்படியும் முட்டிக்கொண்டால் ஸ்பிரிங் ஒன்று அமுங்கி இடம் கொடுக்கும். பிளஞ்சர் நிற்காமல் போய் பெரிய காண்டாக்டை மூடும். மோட்டார் திரும்பிய மறுகணம் பல் இடைவெளியில் விழுந்துவிடும்.

காண்டாக்ட் என்பது செம்புத் தகடு. அது பேட்டரி ஒயர் வரும் 30 டெர்மினலையும் எம் டெர்மினலையும் இணைத்ததும் பேட்டரியின் முழு மின்சாரமும் நேராக மோட்டாருக்கு. இப்போது இழுக்கும் காயிலின் இரண்டு முனையிலும் ஒரே 12 வோல்ட். இரண்டு பக்கமும் சமமானால் ஓட்டம் ஏது? இழுக்கும் காயில் சும்மா கிடக்க, தாங்கும் காயில் மட்டும் பத்து ஆம்பியர் அளவில் பிளஞ்சரைப் பிடித்து வைக்கிறது.

இந்த இணைப்பு தெரிந்தால் பல புதிர்கள் விளங்கும். தாங்கும் காயில் அறுந்திருந்தால் காண்டாக்ட் மூடிய நொடியே இழுக்கும் காயிலும் செத்து, பிளஞ்சர் திரும்பி, மறுபடி இழுபட்டு, ‘டக்டக்டக்’ என்று மிஷின் துப்பாக்கி மாதிரி அடிக்கும். பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே சத்தம்தான். ஆகவே முதலில் பேட்டரி. பிரஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் முனையின் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் தொடாவிட்டால் இழுக்கும் காயிலுக்கு எர்த் கிடையாது, சொலினாய்டு ‘டக்’ என்றுகூடச் சொல்லாது. மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால் வேலை செய்வதன் ரகசியம் இதுதான். காந்தக்கல் வைத்த புதிய வகை மோட்டாரைத் தட்டாதீர்கள். காந்தம் விரிசல் விடும்.

விடுவது எப்படி

முதல் விடுதலை பெண்டிக்ஸில். பினியனில் 8 பல், ரிங் கியரில் நூற்றுக்கு மேல். என்ஜின் ஒரு சுற்று சுற்ற மோட்டார் சுமார் 13 சுற்று சுற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது என்ஜின் 200 சுற்று வேகம் என்றால் மோட்டார் 2,600. என்ஜின் பிடித்து 1,000 சுற்றில் நின்றால், பினியன் மோட்டாரோடு பூட்டியிருக்கும் பட்சத்தில் ஆர்மேச்சர் 13,000 சுற்றில் ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்து 3,000 ஆனால் நாற்பதாயிரத்தைத் தொடும். அந்த வேகத்தில் ஆர்மேச்சரின் செம்புக் கம்பிகள் பள்ளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பெண்டிக்ஸின் வயிற்றில் நான்கைந்து உருளைகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் குறுகும் பள்ளத்தில், சிறு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கிடக்கும். மோட்டார் இழுக்கும்போது உருளை குறுகிய பக்கம் போய் ஆப்பு மாதிரி இறுகும், பினியன் சுற்றும். பினியன் மோட்டாரைவிட வேகமாகப் போனால் உருளை அகன்ற பக்கம் தளர்ந்துவிடும்; பினியன் மட்டும் ஓடும். இதில் பினியன் ரிங் கியரை விட்டு வெளியே வருவதில்லை, மோட்டாரிலிருந்து துண்டிக்கப்படுகிறது, அவ்வளவுதான். என்ஜின் பிடித்த பிறகும் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் உருளைகள் உரசி, உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து, பெண்டிக்ஸ் சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது விடுதலை சாவியை விடும்போது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 50 ஒயரில் மின்சாரம் நின்றால் சொலினாய்டு உடனே செத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நொடியில் காண்டாக்ட் இன்னும் மூடியே இருக்கிறது. எம் டெர்மினலில் பேட்டரி மின்சாரம் இருக்கிறது. அது இழுக்கும் காயிலுக்குள் தலைகீழாக நுழைந்து, 50 முனைக்கு வந்து, அங்கிருந்து தாங்கும் காயில் வழியாக எர்த்துக்குப் போகிறது. இரண்டு காயிலிலும் ஒரே ஆம்பியர், ஆனால் எதிரெதிர் திசை. இரண்டிலும் சுற்று எண்ணிக்கை சமம் என்றால் ஒன்றின் காந்தத்தை மற்றது தின்றுவிடும். காந்தம் பூஜ்யம். ஸ்பிரிங் பிளஞ்சரைத் தள்ளும், காண்டாக்ட் திறக்கும், லீவர் பினியனைப் பின்னுக்கு இழுக்கும். கம்பி தடிமன் வேறாக இருந்தும் சுற்று எண்ணிக்கையைச் சமமாக வைப்பது இதற்காகத்தான்.

வண்டியில் வைத்தே பார்த்தது

பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.2. 9.6க்குக் கீழே போகாதவரை பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பாசிட்டிவ் போஸ்டிலிருந்து 30 டெர்மினல் வரை இழப்பு 0.25 வோல்ட், சரி. பேட்டரி நெகட்டிவிலிருந்து மோட்டார் உடம்பு வரை 0.4 வோல்ட், அதிகம், 0.2க்குள் இருக்க வேண்டும். கியர்பாக்ஸில் எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்டை இறுக்கியதும் 0.15.

அடுத்து சாவி சுவிட்ச். 50 ஒயரை மோட்டாரிலிருந்து பிடுங்கி, டெஸ்ட் லாம்ப் மாட்டிச் சாவியைத் திருப்பி விட்டால், லாம்ப் உடனே அணைய வேண்டும். சாவி பாதியில் சிக்கி 50இல் மின்சாரம் தொடர்ந்தால் செல்ஃபைக் கழற்றுவதே வீண். இதில் பத்து முறையும் உடனே அணைந்தது. சாவி குற்றவாளி இல்லை.

செல்ஃப் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். அதன் பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால் ஆல்டர்னேட்டர் டயோடும், இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் அதன் கம்ப்யூட்டரான ஈசியூவும் சேர்ந்து போகலாம்.

பெஞ்சில்

முதலில் பேட்டரி நெகட்டிவ், அப்புறம் 30, 50 ஒயர்கள், கடைசியாக மவுண்ட் போல்ட் இரண்டு. மோட்டாரை வைஸில் பிடித்து, எம் டெர்மினலிலிருந்து ஃபீல்டு ஒயரைக் கழற்றிவிட்டு நான்கு சோதனை. ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்குள் முடிய வேண்டும். காயில் சூடாகி எரிய அதற்கு மேல் அதிக நேரம் தேவையில்லை.

50இல் பாசிட்டிவ், எம் டெர்மினலிலும் உடம்பிலும் நெகட்டிவ்: பினியன் வெளியே குதிக்க வேண்டும். குதித்தது, கொஞ்சம் சோம்பலாக. எம்மில் இருந்த நெகட்டிவை மட்டும் எடுத்தால் பினியன் வெளியிலேயே நிற்க வேண்டும். நின்றது, தாங்கும் காயில் உயிரோடு இருக்கிறது. உடம்பிலிருந்தும் நெகட்டிவை எடுத்தால் சட்டென உள்ளே போக வேண்டும். நகர்ந்து நகர்ந்து போனது.

நான்காவது சோதனையைப் பல கடைகளில் செய்வதே இல்லை. எம்மில் பாசிட்டிவ், உடம்பில் நெகட்டிவ், 50இல் எதுவும் இல்லை. சாவியை விட்ட நொடியில் வண்டியில் இருக்கும் நிலை இதேதான். பினியனைக் கையால் முழுவதும் வெளியே இழுத்து விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப வேண்டும். இதில் பினியன் அப்படியே நின்றது. விரலால் லேசாகத் தட்டிய பிறகுதான் உள்ளே போனது. இரண்டாவது புகார் பெஞ்சிலேயே கையில் சிக்கிவிட்டது.

கழற்றியதில் கண்டது

நீள போல்ட் இரண்டு, பின்மூடி, பிரஷ் பிடிப்பான், கூடு, ஆர்மேச்சர் என்ற வரிசை. பிரிக்கும் முன் மூடிக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். லீவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம். பினியன் முன்னால் இருக்கும் ஸ்டாப்பர் வளையத்தை 14 சாக்கெட் ஒன்றை வைத்துக் கீழே தட்டினால் உள்ளிருக்கும் லாக் தெரியும். லாக்கை எடுத்த பிறகு அதன் பள்ளத்தின் விளிம்பில் பிசிறு இருந்தால் அரம் போட்டு எடுத்துவிட்டுத்தான் பெண்டிக்ஸை உருவ வேண்டும். இல்லாவிட்டால் அதன் புஷ் கீறிவிடும்.

ஷாஃப்டின் சாய்ந்த பற்களில் வீல் பேரிங் கிரீஸ் தாராளமாக அப்பியிருந்தது. கிளட்ச் கூட்டுக்குள் கிளட்ச் பிளேட்டின் தூள் எப்போதும் பறக்கும். அது கிரீஸில் ஒட்டித் தார் மாதிரி இறுகியிருந்தது. பினியன் சோம்பலாக வந்ததற்கும் போனதற்கும் இது ஒரு காரணம். ஷாஃப்டைப் பெட்ரோலில் துடைத்துவிட்டு, விரலில் ஒட்டும் அளவு மெல்லிய கிரீஸ் மட்டும் தடவினால் போதும். கூடுதல் கிரீஸ் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த இடத்தில் செல்லாது.

பெண்டிக்ஸ்: கையால் திருப்பினால் ஒரு பக்கம் சுற்றுகிறது, மறுபக்கம் பூட்டுகிறது. பார்த்தால் நல்லதுதான். ஆனால் விரல் கொடுக்கும் விசைக்கு மோசமான பெண்டிக்ஸும் பூட்டும். பினியனைச் செம்புத் தகடு வைத்து வைஸில் பிடித்து, ஆர்மேச்சரைத் தோல் சுற்றி இரண்டு கையாலும் வெட்டி இழுத்தால் மூன்றாவது முறை வழுக்கியது. மூடி மடிப்பிலிருந்து மண்ணெண்ணெய் வாசமும் கறுத்த கசிவும். முன்பு யாரோ முழுதாக மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் தயாரிக்கும்போதே அடைத்து மூடியது; கழுவினால் கரைந்துபோகும், திரும்ப வைக்க வழியில்லை. பெண்டிக்ஸை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டுமே தவிர நனைக்கக் கூடாது. புதியது போடப்பட்டது.

ஷாஃப்டைச் சுத்தம் செய்து புது பெண்டிக்ஸோடு தற்காலிகமாகப் பூட்டி மறுபடி சோதனை. மூன்றாவது சோதனையில் இப்போது பினியன் பளிச்சென்று திரும்பியது. நான்காவதில் இன்னும் தயங்கியது. பெண்டிக்ஸ் புதிது, ஷாஃப்ட் சுத்தம், ஸ்பிரிங் நல்லது. மிச்சம் காயில் மட்டுமே. சொலினாய்டு மூடியின் ஈயப்பற்று தொழிற்சாலைப் பற்று மாதிரி இல்லை, உள்ளே போகும் ஒயரில் வேறு நிறச் சிலீவ். பிரித்துப் பார்த்தால் வெளியில் காயில் கட்டியது. பிரித்து எண்ணியதில் தடித்த கம்பியில் சுற்று ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கட்டியவர் இடம் போதாமல் நிறுத்தியிருக்கலாம். இழுப்பதற்கும் தாங்குவதற்கும் அது போதுமானது, ஆகவே கடையில் சோதிக்கும்போது நன்றாகவே வேலை செய்திருக்கும். விடும்போதுதான் சுற்று வித்தியாசம் காந்தமாக மிஞ்சி, பிளஞ்சரைப் பிடித்து நிறுத்துகிறது. சொலினாய்டுக் காயில் கட்டக் கொடுத்தால் இரண்டு சுற்றும் சமமா என்று எண்ணிச் சொல்லக் கேளுங்கள். சொல்ல முடியாதென்றால் புதிது வாங்குவதே மலிவு. இதற்குப் புதிது போடப்பட்டது.

மற்றவை சில்லறை. பிரஷ் 10 மி.மீ. மிச்சம், புதியது 16, நான்கும் மாற்றப்பட்டன. ஃபீல்டு பிரஷின் பின்னல் ஒயரைப் பற்றவைக்கும்போது ஈயம் பின்னலுக்குள் ஏறினால் அது குச்சியாகி, பிரஷ் நகராது. ஆகவே ஒயரை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். கம்யூட்டேட்டருக்கு 400 நம்பர் உப்புத்தாள், எமரி வேண்டாம். அதன் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா செம்பு மட்டத்துக்கு வந்திருந்ததால், ஆக்சா பிளேடைப் பக்கவாட்டில் தேய்த்து ஒடுக்கி 0.5 மி.மீ. ஆழம் இறக்கியது. பின்மூடி புஷ் முட்டை வடிவமாகியிருந்தது. புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் இரும்போடு உரசி, செல்ஃப் கனமாகச் சுற்றும். பேட்டரி வீக் என்று தப்பாக நினைக்க வைக்கும். புது வெண்கல புஷ்ஷை ஒரு ராத்திரி என்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு அடித்தது.

பினியன் இடைவெளி

சொலினாய்டு மாற்றினால் இதை அளக்காமல் மூடக் கூடாது. எம் ஒயர் கழன்ற நிலையில் 50க்கு மின்சாரம் கொடுத்துப் பினியனை வெளியே நிறுத்தி, விரலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளித் தளர்ச்சியை எடுத்துவிட்டு, பினியன் முகத்துக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே ஃபில்லர் கேஜ். இந்த வகைக்கு 0.5 முதல் 2.0 மி.மீ. வரை இருக்கலாம். வந்தது 3.

சொலினாய்டுக்கும் முன்மூடிக்கும் நடுவே ஃபைபர் வாஷர் சேர்த்தால் சொலினாய்டு பின்னுக்குப் போகும், பிளஞ்சர் அதிகம் இழுபடும், பினியன் அதிகம் முன்னால் வரும், இடைவெளி குறையும். வாஷரை எடுத்தால் கூடும். அரை மி.மீ. வாஷர் இரண்டு சேர்த்ததில் 1.6. இடைவெளி பெரிதாக விட்டால் பல் பாதி மட்டும் பிடித்து, ரிங் கியரின் விளிம்பைக் கடித்துத் தின்னும். பூஜ்யமாக்கினால் பினியன் ஸ்டாப்பரில் முட்டி நிற்க, பிளஞ்சர் கடைசி வரை போகாமல், காண்டாக்ட் அரைகுறையாகத் தொட்டுத் தீப்பொறியில் கருகும்.

எல்லாம் பூட்டிய பிறகு நான்காவது சோதனையில் பினியன் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரும்பியது. சுமையில்லாமல் ஓட்டியதில் 11.4 வோல்ட், 45 ஆம்பியர்.

மாட்டும் முன் ஓட்டை வழியாக டார்ச் அடித்து, கிராங்க் புல்லி போல்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினைச் சுற்றி ரிங் கியரை ஒரு முழுச் சுற்றும் பார்த்தது. தேய்மானம் சுற்றிலும் ஒரேமாதிரி இருக்காது. என்ஜின் நிற்கும்போது ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் எதிர்க்கும் இடத்தில்தான் நிற்கும். மூன்று சிலிண்டருக்கு அது 120 டிகிரி இடைவெளியில் மூன்று இடம், நான்கு சிலிண்டருக்கு எதிரெதிரே இரண்டு இடம். பினியன் எப்போதும் அங்கேதான் நுழைகிறது. இதிலும் மூன்று இடத்தில் பற்களின் நுழையும் முனை மழுங்கியிருந்தது. இரண்டு இடம் பரவாயில்லை. ஒன்றில் ஐந்தாறு பல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, மிச்சம் பிடிக்கும்.

மாட்டியதும் செல்ஃப் அடிக்கையில் 10.6 வோல்ட். குளிர்ந்த என்ஜினில் பதினைந்து முறை, சூட்டில் பதினைந்து முறை: வழுக்கல் இல்லை, சாவியை விட்டதும் சத்தம் இல்லை. ரிங் கியர் வளையம் மட்டும் பாக்கி. ஃப்ளைவீல் வெளியே வந்தால்தான் அதை மாற்ற முடியும். 200 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி இறக்கும் வேலை. சிவக்கச் சூடாக்கினால் பல்லின் கடினம் போய்விடும். அடுத்த கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறங்கும்போது செய்யலாம் என்று, மழுங்கிய இடத்துக்குச் சுண்ணாம்புக் குறி போட்டு, வேலை அட்டையிலும் எழுதி வைத்தாயிற்று.